432க்குப் பதில் 455: மாமா கட்டிய கலர் டிவிக்கு ரிமோட் தேடிய கதை

போன ஞாயிறு சாயங்காலம் மாமா ரிமோட்டை நீட்டி ‘ஏவி’ பட்டனை அழுத்தினார். திரை ஒரு நொடி கறுத்தது. அப்புறம் செட்டாப் பாக்ஸ் படம் பளிச்சென்று வந்தது. 20 அங்குல கலர் செட், 1996இல் மாமாவே கிட் வாங்கிக் கட்டியது. பதினான்கு வருடமாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதை மறுபடி ஓட வைக்க எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் மூன்று ரிமோட்டுக்கே போய்விட்டன. செட்டைவிட ரிமோட் இவ்வளவு பாடுபடுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மாமா 1988இலிருந்து செங்கல்பட்டில் ரேடியோ, டிவி மெக்கானிக் கடை வைத்திருந்தார். கம்பெனி செட் வாங்க முடியாதவர்களுக்கு அவரே டிவி கட்டிக் கொடுப்பார். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் போர்டு ஒரு கடையில், கேபினட் ஒரு கடையில், பிக்சர் டியூப் ஒரு கடையில் என்று பேரம் பேசி வாங்கி வருவார். இந்த செட்டின் கணக்கு அவருடைய பழைய நோட்டில் இன்னமும் இருக்கிறது: எல்லாம் சேர்த்து 7,850 ரூபாய். டியூப் மொகாலியில் செய்த ஜேசிடி. போர்டில் பிலிப்ஸின் டிடிஏ8361 சிப். அமெரிக்காவில் முன்பெல்லாம் ஹீத்கிட் கம்பெனியின் டிவி கிட் வாங்கினால் எந்த ஸ்குரூவை எப்போது மாட்டுவது என்பது வரை சொல்லும் தடிமனான புத்தகம் கூடவே வரும். மாமாவுக்குக் கிடைத்தது ஜெராக்ஸ் எடுத்த ஒரே ஒரு சர்க்யூட் தாள். அதிலும் பாதி எழுத்து தெரியாது. ஆனால் அவர் முக்கியமான இடங்களின் வோல்டேஜை கேபினட்டின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருந்தார். ‘பி-ப்ளஸ் 115’ (செட்டின் முக்கிய சப்ளை 115 வோல்ட்) என்ற அந்த ஒரு வரி எனக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

நான் மெக்கானிக் இல்லை. பழைய ரிமோட்டுகளைச் சேர்ப்பவன். பெரிய பிஸ்கட் டின்கள் இரண்டில் 43 ரிமோட்டுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை காயலான் கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு எடுத்தவை. சில பர்மா பஜாரில் வாங்கியவை. ஒயரோடு வரும் விசிஆர் ரிமோட் ஒன்று உண்டு. அத்தை மகன் சிகாகோவிலிருந்து கொண்டுவந்த ஜெனித் ஸ்பேஸ் கமாண்ட் ஒன்றும் உண்டு. ராபர்ட் ஆட்லர் வடிவமைத்து 1956இல் வந்த வகை அது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்குக் கேட்காத அந்த ஒலியைக் கேட்டு டிவி சேனலை மாற்றும். பேட்டரியே கிடையாது. ஒயர் ரிமோட்டைப் போலவே இதற்கும் பேட்டரி கசிவுக்குப் பயப்படத் தேவையில்லை. மற்ற 41இல் எத்தனை அந்தக் கசிவால் செத்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு. செட்டை இறக்கியதும் பிளக்கைச் சொருகவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பதினான்கு வருடம் சும்மா கிடந்த டியூப்பில் சார்ஜ் இருக்காது என்று தோன்றினாலும், நீளமான ஸ்குரூ டிரைவரில் ஒயர் கட்டி, அதன் மறுமுனையை டியூப்பின் எர்த் பின்னலில் மாட்டி, ஆனோடு ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்துத் தொட்டேன். ஓடும்போது அங்கே 25,000 வோல்ட் வரை இருக்கும். இந்தப் பழக்கத்தை எந்த நாளும் விடக் கூடாது.

அப்புறம் சீரிஸ் பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த 100 வாட் குண்டு பல்பை மெயின் ஒயரில் தொடராகப் போட்டு செட்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். (குண்டு பல்பு கிடைப்பதே இப்போது கஷ்டம். பார்க்கும்போது இரண்டு வாங்கி வையுங்கள்.) பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்து அப்படியே நின்றது. உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். பிரிட்ஜ் டையோடுகள் நன்றாக இருந்தன. பெரிய கெப்பாசிட்டரும் பரவாயில்லை. பவர் சப்ளை டிரான்சிஸ்டர் பியூ508ஏ மட்டும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே சுழி ஓம் காட்டியது.

புதியது 70 ரூபாய். மாட்டினேன். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. பி-ப்ளஸ் 108 வோல்ட். 115க்குப் பக்கத்தில்தானே என்று சந்தோஷப்பட்டு, பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஸ்பீக்கரில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. அப்புறம் ‘டப்’. புதிய டிரான்சிஸ்டரும் ஃபியூஸும் போயின.

மாமாவுக்கு போன் செய்தேன். அவருக்கு இப்போது 71 வயது. கண் சரியாகத் தெரியாததால் சால்டரிங் பக்கம் போவதில்லை.

“மாப்ள, சின்ன கெப்பாசிட்டரெல்லாம் பார்த்தியா?”

“இல்லைங்க மாமா, உப்பி எதுவும் தெரியல.”

“உப்பாதுடா அது. சின்னது காயும், உப்பாது. பல்பு இருக்கிற வரைக்கும் வோல்டேஜைப் பிடிச்சு வச்சிருக்கும், எடுத்ததும் ஏறிடும்.”

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் பின்னூட்டப் பாதையில், ஹீட் சிங்க்கை ஒட்டி ஒரு 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தது. வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்தது. கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 2 மைக்ரோ ஃபாரட்தான் காட்டியது. அது செத்ததால் சப்ளைக்குத் தன் அளவே தெரியவில்லை. பல்பு கரண்டைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் 108 என்ற பொய்க் கணக்கு எனக்கு நல்ல கணக்காகத் தெரிந்தது.

இரண்டாம் ஞாயிறு பவர் சப்ளையில் இருந்த சின்ன கெப்பாசிட்டர்கள் பன்னிரண்டையும் மாற்றினேன். 90 ரூபாய். டியூப்புக்கு உயர் வோல்டேஜ் தயாரிக்கும் லைன் அவுட்புட் பகுதிக்குப் போகும் ஜம்பர் ஒயரைக் கழற்றிவிட்டு, பி-ப்ளஸ்ஸில் 60 வாட் பல்பை லோடாக மாட்டினேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். செட்டைச் சேர்க்காமல் சப்ளையைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதுதான் முறை. சீரிஸ் பல்போடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. இரண்டிலும் 116 வோல்ட், அரை மணி நேரம் அசையவில்லை. இன்னொன்று: மீட்டரின் கறுப்பு ஒயரை எங்கே வைக்கிறோம் என்று கவனமாக இருங்கள். மெயின் பக்கத்து எர்த் வேறு, டியூப் பக்கத்து எர்த் வேறு. மாற்றி வைத்து ஐந்து நிமிடம் அர்த்தமில்லாத எண்களைப் பார்த்துக் குழம்பினேன்.

ஜம்பரைத் திரும்ப மாட்டியதும் திரையின் நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு. படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்ட்டிக்கல் ஐசி டிடிஏ3654இன் ஒன்பது கால்களிலும் ஈயம் வட்டமாக வெடித்திருந்தது. பழைய ஈயத்தை எடுத்துவிட்டு மறுபடி பற்ற வைத்ததும் திரை விரிந்தது. பத்து நிமிட வேலை.

திரை நிறையப் புள்ளி மழை, ஸ்பீக்கரில் இரைச்சல். செட்டுக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே வழி பின்பக்கம் இருக்கும், வெளியிலிருந்து படமும் ஒலியும் கொடுக்கும் மஞ்சள், வெள்ளை ஏவி சாக்கெட். செட்டாப் பாக்ஸிலிருந்து ஒயர் மாட்டினேன். ஏவிக்கு மாற்றுவது எப்படி? முன்பக்கம் இருப்பது பவர் சுவிட்ச், வால்யூம் இரண்டு, சேனல் இரண்டு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரிமோட்டில்தான். செட்டோடு வந்த ரிமோட், கம்பெனி பெயர்கூட இல்லாத கறுப்பு ரிமோட், வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

150 ரூபாய்க்கு ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்து செட்டுக்கு அந்தக் காலத்து ரிமோட்தான் வேண்டும். இத்தனை வருடம் நான் சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட உதவாதா?

“பிலிப்ஸ் கோடுதான் மாப்ள” என்றார் மாமா. முன்பக்கத்துச் சின்ன போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ரிசீவரின் மேல் டிஎஃப்எம்எஸ்5360 என்று இருந்தது. 36 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்புக்கென்று செய்தது அது. கன்ட்ரோல் சிப் பிசிஏ84சி640, அதுவும் பிலிப்ஸ். ஆகவே ரிமோட் பேச வேண்டிய பாஷை ஆர்சி-5. இதில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 14 பிட் போகும். அதில் ஐந்து பிட் யாருக்கு என்ற முகவரி, ஆறு பிட் என்ன செய் என்ற கட்டளை. டிவிக்கு முகவரி 0, விசிஆருக்கு 5, சிடி பிளேயருக்கு 20. வால்யூம் கூட்ட 16, குறைக்க 17. இந்தப் பட்டியலைப் பல கம்பெனிகள் அப்படியே பின்பற்றின. ஆகவே ஆர்சி-5 டிவி ரிமோட் எதுவாக இருந்தாலும் போதும்.

மூன்றாம் ஞாயிறு 43 ரிமோட்டுகளையும் மேஜையில் பரப்பினேன். 280 ரூபாய்க்கு ஒரு ஆர்டுயினோ நானோ (நிரல் போட்டு ஓட்டும் குட்டி போர்டு), 30 ரூபாய்க்கு ஒரு டிஎஸ்ஓபி1738 ரிசீவர். இரண்டையும் மூன்று ஒயரால் இணைத்து, ஐஆர்ரிமோட் என்ற இலவச நிரலைப் போட்டால் எந்த ரிமோட் எந்தப் பாஷை பேசுகிறது என்று கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டும். ஒயர் ரிமோட்டையும் ஜெனித்தையும் விட்டால் மிச்சம் 41. அதில் 22 வேலை செய்தன. முக்கால்வாசி என்ஈசி என்ற வேறு பாஷை பேசும் வகை. இரண்டே இரண்டு ஆர்சி-5. ஒன்று விசிஆர், இன்னொன்று சிடி பிளேயர். டிவி ஒன்றுகூட இல்லை.

செத்த 19ஐயும் திறந்தேன். அதில் 13 பேட்டரி கசிவால் செத்தவை. சேர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இது வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. வாங்கிய அன்றே பேட்டரியை எடுத்து வைத்திருந்தேன், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கில் அதற்கு முன்பே ஒட்டியிருந்த உப்பைத் துடைக்கவில்லை. அது வருடக்கணக்கில் மெல்லப் பரவி போர்டுக்குள் இறங்கியிருந்தது. இப்போது வரும் ரிமோட்டுகளை முதல் நாளே திறந்து துடைத்துவிட்டுத்தான் டின்னில் வைக்கிறேன்.

அந்தப் 19இல் ஒன்றில் எஸ்ஏஏ3010 என்ற 28 கால் சிப் இருந்தது. பிலிப்ஸ் ஆர்சி-5 ரிமோட்டுகளுக்கென்றே செய்த சிப். ஏவி பட்டன் உண்டு, டெலிடெக்ஸ்ட் (டிவி திரையில் எழுத்துச் செய்தி காட்டும் வசதி) பட்டன்கள் கலர் கலராக உண்டு, மூடிகூட உடையாமல் இருந்தது. இதுதான் என்று முடிவு செய்தேன்.

கசிவைச் சுத்தம் செய்ததில் ஒரு தவறு. கசிவு என்றால் வினிகர் அல்லது எலுமிச்சை என்று பல இடத்தில் படித்திருந்தேன். எலுமிச்சைச் சாறு தேய்த்தேன். பச்சை போகவில்லை, செம்புக் கோடு இன்னும் கறுத்தது. அப்புறம்தான் யோசித்தேன். அந்த ஆலோசனை ஆல்கலைன் பேட்டரிக்கு. அதன் கசிவு காரம், ஆகவே அமிலம் போட்டால் அடங்கும். நம் ஊர் ரிமோட்டுகளில் வழக்கமாகப் போடும் மலிவான துத்தநாக பேட்டரியின் கசிவு ஏற்கனவே அமிலத் தன்மை உள்ளது. அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்து அடங்கியது. நல்ல தண்ணீர், அப்புறம் ஐசோபுரோபில் ஆல்கஹால், அப்புறம் ஒரு மணி நேரம் வெயில். ஸ்பிரிங்கை இன்னொரு செத்த ரிமோட்டிலிருந்து எடுத்து மாட்டினேன்.

அடுத்து ரப்பர் பட்டன்கள். வால்யூம், சேனல் பட்டன்களின் அடியில் இருக்கும் கார்பன் வில்லை தேய்ந்துபோயிருந்தது. மீட்டரில் 40 கிலோ ஓமுக்கு மேல். ஏவியும் அப்படியே. பல வருடம் முன்பு வேறொரு ரிமோட்டில் இதே கார்பனைத் தின்னர் போட்டுத் துடைத்து மொத்தமாக அழித்த அனுபவம் உண்டு. ஆகவே துடைக்கவே இல்லை. டெலிடெக்ஸ்ட் பட்டன்களை இந்த ஊரில் யார் அழுத்தினார்கள்? அவற்றின் வில்லைகள் புத்தம் புதிதாக இருந்தன, 150 ஓம்தான். பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுத்து, தேய்ந்த ஐந்து பட்டன்களில் ஒட்டினேன். முதலில் உடனடிப் பசை. சிலிக்கான் ரப்பரில் அது பிடிக்கவில்லை, இரண்டே நாளில் உரிந்து வந்தது. பாத்ரூம் ஓரத்துக்குப் பூசும் சிலிக்கான் சீலன்ட் வீட்டில் மிச்சம் இருந்தது. குண்டூசி முனையில் ஒரு துளி, ஒரு ராத்திரி காயவிட்டேன். இப்போது இழுத்தாலும் வரவில்லை.

இவ்வளவு செய்தும் எல்இடி எரியவில்லை. போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தேன். (பின்பக்க கேமராவில் அகச்சிவப்பை வடிகட்டிவிடுவதால் பல போன்களில் தெரியாது.) ஒன்றும் இல்லை. சிப்புக்கு 3 வோல்ட் வருகிறது. தேடியபோது ரெசனேட்டரின் ஒரு கால் உப்பில் அரித்து அறுந்திருந்தது தெரிந்தது. அதன் மேல் 432இ என்று இருந்தது. சிப்புக்குத் தாளம் போடுவது அந்தச் சின்ன வில்லைதான்.

நான்காம் ஞாயிறு ரிச்சி ஸ்ட்ரீட். ஐந்து கடைகளில் கேட்டேன். 432 கிலோ ஹெர்ட்ஸ் எங்கும் இல்லை. “455 வாங்கிக்கோங்க சார், ரிமோட்டுக்கு அதான் போடுவாங்க” என்றார் ஒருவர். என்ஈசி வகை ரிமோட்டுகளுக்கு அது சரிதான். ஐந்து உருப்படி 50 ரூபாய். வாங்கி வந்து மாட்டினேன். செல்ஃபி கேமராவில் எல்இடி மினுமினுத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

டிவி அசையவில்லை. பத்து தடவை அழுத்தினால் ஒரு தடவை வால்யூம் ஏறும். ஏவி பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றுமில்லை.

இங்கேதான் ஒரு முழு ராத்திரியை விட்டேன். நானோவின் முன்னால் ரிமோட்டை அழுத்தினால் ‘ஆர்சி5, முகவரி 0, கட்டளை 16’ என்று பிழையில்லாமல் வந்தது. ரிமோட் சரியாகத்தானே பேசுகிறது, ஆகவே கோளாறு டிவியில் என்று நம்பினேன். டிவியின் ரிசீவரைக் கழற்றி டிஎஸ்ஓபி1738ஐ மாட்டிப் பார்த்தேன். கன்ட்ரோல் சிப்பின் கால்களை மறுபடி பற்ற வைத்தேன். அதற்கு வரும் 5 வோல்ட்டை நாலு தடவை அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பழைய ரிசீவரையே திரும்ப மாட்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு யோசனை. நானோ கேட்கும் என்றால் பேசவும் செய்யும். ஒரு அகச்சிவப்பு எல்இடியையும் 100 ஓம் ரெசிஸ்டரையும் அதில் மாட்டி, அதே முகவரி 0, கட்டளை 16ஐ டிவிக்கு அனுப்பினேன். முதல் தடவையிலேயே வால்யூம் ஏறியது. இருபது தடவை அனுப்பினேன், இருபதும் ஏறியது. டிவி மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்படியானால் இரண்டு பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? நிரல் என்ன புரிந்துகொண்டது என்பதை விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் அளந்து அச்சிடும்படி பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ரிசீவர் ஒளி உள்ள பகுதியைக் கொஞ்சம் நீட்டிக் காட்டும். ஆகவே ஒளி இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் சேர்த்து ஒரு முழு பிட்டாக அளந்தேன். நானோ அனுப்பியது ஒரு பிட்டுக்கு 1,778 மைக்ரோ நொடி. ரிமோட் அனுப்பியது சராசரி 1,690. பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆர்சி-5 ஏறக்குறைய 114 மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும். என் ரிமோட் 108க்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டால் எல்லாம் புரிந்தது. எஸ்ஏஏ3010 தன் எல்லா நேரத்தையும் ரெசனேட்டரிலிருந்தே எடுக்கிறது. 432ஐ 12ஆல் வகுத்தால் 36 கிலோ ஹெர்ட்ஸ், டிவி கேட்கக் காத்திருப்பது அதைத்தான். 432 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு பிட்டுக்கு 1,778 மைக்ரோ நொடி என்றால் 455இல் 1,688. ரிமோட் ஐந்து சதவீதம் அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் நிரல் தாராள மனசுக்காரர், 25 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். டிவியின் உள்ளே இருக்கும் சிப் அப்படி இல்லை. கேமராவில் மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது என்று நானும் பல வருடம் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேமரா காட்டுவது வெளிச்சத்தை மட்டும்தான். தாளம் சரியா என்று அதற்குத் தெரியாது. ‘வேலை செய்கிறது’ என்று சீட்டு ஒட்டி வைத்த 22 ரிமோட்டுகளையும் இனி நேரம் அளந்துதான் மறுபடி ஒட்ட வேண்டும். இதற்கு முன் யாராவது ரெசனேட்டரை மாற்றியிருந்தால் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

சரி, 432க்கு எங்கே போவது? ஆன்லைனில் தேடினேன், வெளிநாட்டில் ஒரு விற்பனையாளரிடம் இருந்தது, வர ஆறு வாரம். வீட்டிலேயே இரண்டு இருந்தன. அந்த விசிஆர் ரிமோட்டிலும் சிடி பிளேயர் ரிமோட்டிலும். இரண்டும் நல்ல நிலையில் ஓடுபவை. விசிஆர் ரிமோட்டை நண்பர் ஒருவர் தன் அப்பாவின் நினைவாக என்னிடம் கொடுத்து வைத்தது, அதைத் தொட முடியாது. சிடி பிளேயர் ரிமோட் 2009இல் பர்மா பஜாரில் நானே 60 ரூபாய் கொடுத்து எடுத்தது. வெள்ளிப் பூச்சு, கீறல்கூட இல்லை. என் டின்னில் எனக்குப் பிடித்த முதல் ஐந்தில் ஒன்று. நன்றாக ஓடும் பழைய ரிமோட்டைப் பிரித்து இன்னொன்றுக்கு உறுப்பு எடுப்பதில்லை என்பது நான் இத்தனை வருடம் காத்த முறை. இரண்டு நாள் அதை எடுத்து எடுத்து வைத்தேன். மாமாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். அதற்குள் தன் செட் ஓடுவதை அவர் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆறு வாரம் காத்திருக்க முடியாது.

ஐந்தாம் ஞாயிறு காலை சிடி ரிமோட்டைத் திறந்தேன். சால்டரிங் அயர்னை 320 டிகிரியில் வைத்து, ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலால் இரண்டு கால்களையும் சுத்தமாக விடுவித்தேன். போர்டின் செம்பு உரியவில்லை, நாளை வேறொன்றைத் திரும்ப மாட்டலாம். 432ஐ டிவி ரிமோட்டில் வைத்து அளந்தேன். 1,780 மைக்ரோ நொடி, 114 மில்லி நொடி. டிவியின் முன் நீட்டி அழுத்தினேன். பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து, சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியில்கூட வேலை செய்தது.

செலவு எழுதிவிடுகிறேன். பியூ508ஏ இரண்டு 140, கெப்பாசிட்டர் 90, ஃபியூஸ் 10, டிஎஸ்ஓபி1738 30, நானோ 280, ஐசோபுரோபில் ஆல்கஹால் 150, செம்புப் பின்னல் 60, பயன்படாத 455 ரெசனேட்டர்கள் 50. மொத்தம் 810 ரூபாய். அதில் முதல் டிரான்சிஸ்டரும் ரெசனேட்டரும் சேர்ந்து 120 ரூபாய் என் அவசரத்துக்குப் போனது.

செட்டில் இன்னும் ஒரு வேலை மீதி இருக்கிறது. டியூனருக்குப் போகும் 33 வோல்ட், சூடு ஏற ஏற 31 வரை இறங்குகிறது. அதை நிலைப்படுத்தும் யூபிசி574 பழுதாகியிருக்க வேண்டும். ஏவியில் பார்ப்பதற்கு அது தேவையில்லை. ஆனால் படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றித் தரும் ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் கிடைத்தால் ஆன்டெனா சாக்கெட் வழியாகவும் படம் காட்ட ஆசை. அப்போது மாற்ற வேண்டும்.

சாயங்காலம் மாமாவை ஆட்டோவில் அழைத்து வந்தேன். முதலில் செட்டின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். ஏவி பட்டன் எங்கே என்று கட்டை விரலால் தேடினார். படம் வந்ததும் கலரைக் குறைத்தார், கொஞ்சம் கூட்டினார், பிரைட்னஸைக் குறைத்தார். “சிவப்பு தூக்கலா இருக்கு மாப்ள, பின்னாடி டியூப் போர்டுல சின்ன பிரிசெட் மூணு இருக்கும் பாரு” என்றார். மூடியைக் கழற்றி, அவர் சொல்லச் சொல்லச் சின்ன ஸ்குரூ டிரைவரால் திருப்பினேன். முகத்தின் நிறம் சரியாக வரும்வரை விடவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று.

சிடி பிளேயர் ரிமோட்டைத் திரும்ப மூடி, பேட்டரி அறையில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘432 கடன் கொடுத்தது. ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் திரும்ப மாட்டவும்.’